சிவப்பு இருக்கட்டும்

கோபே,
ஏப்ரல் 6

அன்பு மகள் சயோகோவுக்கு,

இந்தக் கையெழுத்தை நீ இதற்கு முன் பார்த்ததில்லை. உறையைப் பிரித்ததும், யாரோ பள்ளிக்கூடத்துப் பிள்ளை விலாசம் மாற்றிப் போட்டுவிட்டது என்று நினைத்திருப்பாய். இது உன் அப்பா. எழுத்துகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக, காற்றடிக்கும் நாளில் கொடியில் கிடக்கும் துணி போல ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருப்பதற்கு மன்னித்துக்கொள். பென்சிலைக் கயிறு பிடிக்கிற மாதிரி பிடிக்கிறேன் என்று தாகெமுரா டீச்சர் சிரிப்பார். இரண்டு இடத்தில் தாள் கிழிந்து, பின்பக்கம் ஒட்டுப் போட்டிருக்கிறேன்.

கடிதம் என்றால் பருவத்தைச் சொல்லித்தான் தொடங்க வேண்டுமாம். இங்கே சகுரா பூத்துப் பாதி கொட்டிவிட்டது. உன் ஹகோதாதேயில் இன்னும் கூரை ஓரங்களில் பனி மிச்சமிருக்கும். கழுத்துக்குத் துணி சுற்றிக்கொள்கிறாயா? சிறு வயதில் உனக்குத் தொண்டைதான் முதலில் கட்டும்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், ஒன்று கேட்க வேண்டும். சொல்ல வேண்டியது வெட்கப்படுகிற விஷயம். கேட்க வேண்டியது இது: உன் அம்மாவின் ஊரான உவாஜிமாவில், அவளுடைய கல்லறைக் கல்லில் என் பெயருக்கான இடம் இன்னும் எனக்குத்தானா? பன்னிரண்டு வருஷம் பேசாமல் இருந்துவிட்டு எடுத்த எடுப்பில் இப்படிக் கேட்பது அழகில்லை. அதனால் முதலில் போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன்.

போன மாதம் எங்கள் கடைத்தெருவில் வசந்தக் குலுக்கல் வைத்தார்கள். மரப் பெட்டியைக் கைப்பிடியால் சுற்றினால் ஒரு குண்டு விழும், உனக்குத் தெரியும். எனக்கு எப்போதும் வெள்ளைக் குண்டு விழும், ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் தருவார்கள். இந்த முறை விழுந்தது தங்க நிறக் குண்டு. கடைக்காரர் மணியை ஆட்டி ஆட்டித் தெருவையே கூட்டிவிட்டார். பரிசு, கப்பலில் மூன்று நாள் சுற்றுலா, இரண்டு பேருக்கு. காய்கறிக் கடை மொரிகுச்சி அம்மாள் வந்து, "தாத்தா, ரெண்டு பேரு டிக்கெட்டு. யாரக் கூட்டிட்டுப் போறீங்க? எனக்கு ஒரு வேலையும் இல்ல" என்றாள். "உங்க வீட்டுக்காரர் என்னக் கடல்ல தள்ளிடுவார்" என்றேன். "அவரா? உங்க கையப் புடிச்சு நன்றி சொல்லுவாரு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். வீட்டுக்கு வந்த பிறகு யாரைக் கூட்டிப் போகலாம் என்று உட்கார்ந்து நினைத்துப் பார்த்தேன். ஒரு பெயரும் வரவில்லை. வந்த ஒரு பெயருக்கும் விலாசம் தெரியாது.

தனியாகத்தான் போனேன். அறையில் இரண்டு கட்டில், இரண்டு ஜோடி செருப்பு, இரண்டு தேநீர்க் கோப்பை. பக்கத்துக் கட்டில் சும்மா இருப்பது கண்ணை உறுத்தியது. அதன் மேல் என் பையை வைத்தேன். அறை சுத்தம் பண்ண வருகிற பெண் பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு அந்தக் கட்டிலையும் விரித்துவிட்டுப் போயிருந்தாள். அவள் மேல் தப்பில்லை. சாப்பாட்டு மேஜையிலும் எதிரில் ஒரு தட்டு வைத்தார்கள். "இன்னொருத்தர் வர்ற வரைக்கும் காத்திருக்கலாமா ஐயா?" என்று கேட்டார்கள். "அவங்க வர லேட்டாகும்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஒரு சந்தோஷத்தையும் சொல்கிறேன். முப்பது வருஷம் கோபே துறைமுகத்தில் இப்படிப்பட்ட கப்பல்களுக்குக் கீழே நின்று கயிறு பிடித்தவன் நான். ஒரு நாளும் மேலே ஏறியதில்லை. காலை எட்டு மணிக்குக் கப்பலை உவாஜிமாவில் கட்டியபோது மேல்தட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். நாலு பேர் மஞ்சள் தொப்பியோடு நின்றார்கள். கயிற்றுக் கண்ணை இரும்புக் குற்றியில் மாட்டிவிட்டு, கயிறு அறுந்தால் அடிபடாமல் இருக்க உடனே மூன்றடி பின்னால் போனார்கள். வேலை சுத்தம். என்னை அறியாமல் கை தட்டிவிட்டேன். பக்கத்திலிருந்த அம்மாள் தள்ளி நின்றாள்.

கப்பல் உவாஜிமாவுக்குப் போகும் என்பதை அட்டவணையில் நானே வாசித்தேன். வாசித்த அன்றே, அம்மாவின் கல் இருக்கும் மலைப்பக்கம் போவதில்லை, துறையை ஒட்டிச் சும்மா நடந்துவிட்டு ஏறிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். மற்றவர்கள் எல்லோரும் பேருந்தில் கோட்டை பார்க்கப் போனார்கள். நான் நடந்தேன். தெருவில் ஆளே இல்லை. வெயில் மெதுவாக இருந்தது. விரிகுடாவில் முத்துச் சிப்பி மிதவைகள் வரிசையாகக் கிடந்தன. ஒரு கடையில் மீனை முள்ளோடு அரைத்துத் தட்டையாகப் பொரித்துக்கொண்டிருந்தார்கள், உன் அம்மா தன் ஊரை நினைத்து ஏங்குவாளே, அதே பொரியல். சூடாக இரண்டு வாங்கினேன். ஒன்றை நடந்துகொண்டே தின்றேன்.

கண்ணில் பட்டதை எல்லாம் வாசித்தேன். 'நாய் உண்டு, ஆனால் வயதாகிவிட்டது' என்று ஒரு வாசலில் எழுதியிருந்தது. 'படிக்கட்டு வழுக்கும்.' 'இங்கே வலை காய வைக்காதீர்.' மேட்டில் ஏறும் இடத்தில் ஆளில்லாத ஆரஞ்சுக் கடை. 'காசு போடாமல் எடுத்தால் பழம் புளிக்கும்' என்று எழுதி வைத்திருந்தார்கள். தனியாக நின்று சிரித்தேன். காசு போட்டு ஒரு பை எடுத்துக்கொண்டேன். பழம் இனிப்பாகத்தான் இருந்தது.

இன்றைக்குக் கை வலிக்கிறது. மிச்சம் நாளைக்கு.

ஏப்ரல் 7

எழுபத்தொன்பது வயதுக் கிழவனுக்கு நாய்ப் பலகையை வாசிப்பதில் என்ன குதூகலம் என்று நீ நினைப்பாய். சொல்ல வேண்டியது இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

நான் மீன் பிடிக்கும் படகில் பிறந்தவன் என்று உனக்குத் தெரியும். அந்தப் படகு ஒரு கரையிலும் பத்து நாள் நிற்காது என்பதும், அதனால் நான் எந்தப் பள்ளிக்கூடத்து வாசலையும் மிதிக்கவில்லை என்பதும் தெரியாது. உன்னிடம் மறைத்தேன், எல்லோரிடமும் மறைத்தேன். நகர அலுவலகத்துக்குப் போகிற நாளில் வலது கையில் துணிக்கட்டுப் போட்டுக்கொண்டு போவேன். காயம் என்று சொன்னால் அவர்களே எழுதித் தருவார்கள். நீ இரண்டாம் வகுப்பில், டீச்சருக்கு வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் தகவல் நோட்டை நீட்டி, "அப்பா, இன்னைக்கு நீங்க எழுதுங்க, எப்பவும் அம்மாவே எழுதறாங்கன்னு டீச்சர் கேக்கறாங்க" என்றாய். நான் கத்தினேன், நோட்டையும் எறிந்தேன். உன் மேல் கோபமில்லை, சயோகோ. அது உனக்கு இன்றுவரை தெரிந்திருக்க நியாயமில்லை.

உன் அம்மாவுக்கு மட்டும் தெரியும். அதனால்தான் எனக்குச் சீட்டு எழுதாமல் படம் போட்டு வைப்பாள். நீ அதைப் பார்த்துவிட்டு, "அம்மாவும் அப்பாவும் சின்னப் பிள்ளைங்க மாதிரி வெளயாடறாங்க" என்று சிரிப்பாய். குளிர்பெட்டி படம், உள்ளே மீன் படம் என்றால் சாப்பாடு உள்ளே. குடை படம் என்றால் மாலையில் மழை. முப்பத்தெட்டு வருஷம் எனக்கு அவள் அப்படித்தான் எழுதினாள்.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி நாளில் நீ வீட்டுக்கு ஓடி வந்திருக்கிறாய். நான் துறைமுகத்தில். மேஜை மேல் சீட்டு எழுதி வைத்துவிட்டு ஓடிவிட்டாய். அந்தியில் நான் வந்தேன், தாளைப் பார்த்தேன். படம் இல்லை, எழுத்து. நீ எப்போதும் வைக்கிற மாதிரி குழம்பு அடுப்பில் இருக்கிறது என்றோ வேறு என்னவோ என்று நினைத்தேன். தேநீர்க் கெண்டியை அதன் மேல் வைத்தேன். குளித்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன். காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நீ ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "சீட்டப் படிச்சீங்களா?" நான், "படிச்சேன்" என்றேன்.

அறுபத்தேழு வயதில், செத்துக் கிடக்கும் மனைவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, படிக்கத் தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. மனைவி சாவது தெரிந்தும் சாப்பிட்டுப் படுத்தவன் என்று மகள் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எது பெரிய வெட்கம் என்று அன்றைக்குத் தெரியவில்லை.

அந்தச் சீட்டு என்னிடம் இருக்கிறது. கெண்டி வைத்த வட்டம் அதில் பழுப்பாக நிற்கிறது. போன வருஷம் ஆகஸ்டில் முதல் தடவையாக வாசித்து முடித்தேன். 'அப்பா, அம்மாவுக்கு மோசமாகிவிட்டது. உங்களைக் கேட்கிறார்கள். உடனே வாருங்கள்.' அவ்வளவுதான் எழுதியிருந்தாய். இதை வாசிப்பதற்காகத்தான் இரவுப் பள்ளியில் சேர்ந்தேன் என்று தாகெமுரா டீச்சரிடம் சொல்லவில்லை. மருந்துச் சீட்டு வாசிக்க என்று சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 8

ஆரஞ்சுப் பையோடு நின்றேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா. அதற்கு மேல் போகிற பாதை கல்லறைக்குத்தான் போகிறது. போவதில்லை என்று தீர்மானித்தவன் படி ஏறிக்கொண்டிருந்தேன். அஸ்தி வைத்த அன்று ஒரே ஒரு தடவை வந்த இடம். அப்போது உன் மாமாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். இப்போது வழிகாட்டிப் பலகையை வாசித்தே போய்ச் சேர்ந்தேன். தண்ணீர்க் குழாய்க்கு மேலே மூன்றாவது வரிசை. அங்கிருந்து பார்த்தால் கடலில் இரண்டு தீவு தெரியும், எங்கள் வெள்ளைக் கப்பலும் சோப்புக்கட்டி அளவில் தெரிந்தது.

அன்றைக்கு நான் ஏன் பாதி மந்திரத்தில் எழுந்து போனேன் என்று நீ இத்தனை வருஷம் கேட்டிருப்பாய், உனக்குள். காரணம் அந்தக் கல். உன் அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயர் சிவப்பில் இருந்தது. எனக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் அந்த நாலு சீன எழுத்து மட்டும் தெரியும், அது என் பெயர். துறைமுகத்தில் எங்கள் கொட்டகைச் சுவரில் ஆளுக்கொரு மரப் பலகை ஆணியில் தொங்கும். ஒரு பக்கம் பெயர் கறுப்பில், மறுபக்கம் அதே பெயர் சிவப்பில். வேலைக்கு வந்தால் கறுப்பைத் திருப்பி வைப்போம், போகும்போது சிவப்பை. கறுப்பு இருந்தால் ஆள் இருக்கிறான், சிவப்பு இருந்தால் இல்லை. ஒருவனை நிறுத்திவிட்டால் மேஸ்திரி அவன் பலகையைச் சிவப்புக்குத் திருப்பி ஒரு வாரம் விட்டுவைப்பார், பிறகு கழற்றிவிடுவார். இடமிருந்து மூன்றாவது ஆணி என்னுடையது.

அந்தச் சிவப்பைக் கல்லில் பார்த்தேன். நீயும் மாமாவும் சேர்ந்து என்னை உங்கள் சுவரில் சிவப்புக்குத் திருப்பிவிட்டீர்கள் என்று நினைத்தேன். நான் செய்ததற்கு அது சரிதான் என்றும் தோன்றியது. அதனால் யாரிடமும் கேட்கவில்லை, சண்டையும் போடவில்லை. இறங்கிப் போனேன். அந்த மாதமே வீடு மாறினேன். உனக்கு விலாசம் சொல்லவில்லை. எங்கள் படகுக்காரர்களுக்குக் கல் கிடையாது. மற்றவர்கள் கல்லறைக்குப் போனாலும், எழுத்து இருக்கிற பக்கம் கண்ணைக் கொண்டுபோகாமலே பழகியவன் நான். சிவப்பு வேறு எதற்கு என்று எனக்கு எப்படித் தெரியும்?

இப்போது பார்த்தபோது சிவப்பு மங்கி, நாக்கு நிறத்தில் இருந்தது. அம்மாவின் பெயரை விரலால் தடவி வாசித்தேன். மிஸாவோ. முப்பத்தெட்டு வருஷம் கூப்பிட்ட பெயரை அன்றுதான் வாசித்தேன். கல்லுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டேன்.

எதிர் வரிசையில் ஒருவர் தலையில் துண்டு கட்டி ஒரு கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சின்ன வானொலி பேஸ்பால் சொல்லிக்கொண்டிருந்தது. கல் வேலைக்காரர் நினோமியா. அறுபது வயதிருக்கும். அவர் சுரண்டியது சிவப்பு எழுத்தை. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"இந்தம்மா ஜனவரில போய்ட்டாங்க. புருஷன் பக்கத்துல இருபது வருஷமா செவப்பாக் காத்திருந்தாங்க. இனிமே இது வேண்டாம்ல."

"செவப்புன்னா என்ன?" என்றேன். கடல் எந்தப் பக்கம் என்று கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"தாத்தா, நீங்க எந்த ஊரு? ஜோடியாப் பேர் வெட்டறப்போ, இருக்கறவங்க பேருக்குச் செவப்பு அடிப்போம். ஆளு இன்னும் இருக்காரு, எடம் புடிச்சு வச்சிருக்கோம்னு அர்த்தம். அவரும் வந்து சேந்ததும் எடுத்துடுவோம்."

நான் திரும்பி நம் கல்லைப் பார்த்தேன். ஒரு ஆரஞ்சை உரித்து அவருக்குப் பாதி கொடுத்தேன். பிறகு, தெரியாதவன் மாதிரி, நம் கல்லில் சிவப்பில் இருக்கும் அந்த உராதா யார் என்று கேட்டேன்.

"அது ஒரு கத. அந்தம்மா தானே வந்து கல்லுக்குச் சொன்னாங்க. தலைக்குத் துணி கட்டிட்டு, மூச்சு வாங்கிட்டு, இத்தன படியும் ஏறி வந்தாங்க. 'அவர் பேரையும் பக்கத்துல வெட்டுங்க, அதே அளவுல வெட்டுங்க, சின்னதாப் போட்டாக் கோச்சுக்குவாரு'ன்னாங்க."

"கோச்சுக்கிட்டாரா?"

"ஒரே நாள்தான் வந்தாரு அந்த மனுஷன். பாதி மந்திரத்துல எந்திரிச்சுப் போய்ட்டாரு. நானும் இங்கதான் நின்னுட்டிருந்தேன். இப்படியும் ஒரு ஆளு."

"மோசமான ஆளு போல" என்றேன்.

"எனக்கென்ன தெரியும். ஆனா மக விடல. மூணு வருஷத்துக்கு ஒரு தடவ ஹகோதாதேல இருந்து போன் பண்ணும். 'அப்பா எங்க இருக்காருன்னு தெரியல. ஆனா போய்ட்டார்னு யாரும் வந்து சொல்லல. செவப்ப மங்க விடாதீங்க'ன்னு சொல்லும். இது வரைக்கும் மூணு தடவ அடிச்சாச்சு. போன மாசமும் கூப்ட்டுச்சு. இந்தத் தடவ குரலே சரியில்ல. 'அவருக்கு எழுபத்தொம்பது ஆயிடுச்சு. எத்தன நாளைக்கு நானா நெனச்சுக்கறது. இந்த ஒரு வாட்டி அடிச்சுடுங்க. இனிமே கேக்க மாட்டேன்'னுச்சு. நான்தான் மழை, அந்த வேலை இந்த வேலைன்னு தள்ளிட்டே இருந்துட்டேன்."

சயோகோ, இதை எழுதும்போது இங்கே நிறுத்திவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டு வந்தேன்.

"நான்தான் அந்த மோசமான ஆளு" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். தலைத் துண்டை அவிழ்த்தார். தரையைத் தொடுகிற மாதிரி குனிந்தார். "தாத்தா, நான் சொன்னதெல்லாம்..." என்று இழுத்தார். எல்லாம் சரியாகத்தான் சொன்னீர்கள் என்றேன்.

சிவப்பை இன்றைக்கே அடிக்க முடியுமா என்று கேட்டேன். டப்பாவைத் திறந்தார். நானே அடிக்கட்டுமா என்றேன். "கை நடுங்குதே" என்றார். "எழுதறப்போ நடுங்காது" என்றேன். பொய், நடுங்கியது. ஆனால் வெட்டிய பள்ளம் தூரிகையைப் பிடித்துக்கொள்கிறது, படகை ஓடை பிடித்துக்கொள்கிற மாதிரி. நாலு எழுத்து. கடைசி எழுத்துக்குக் கோடு அதிகம், அங்கே வழிந்துவிட்டது. அவர் துணியால் ஒற்றி எடுத்தார். "முப்பத்தஞ்சு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். தன் பேருக்குத் தானே வந்து செவப்பு அடிக்கற ஆள இப்பத்தான் பாக்கறேன். கூலியும் பாதி கொறச்சுக்கலாம் போல" என்றார்.

மிச்சமிருந்த மீன் பொரியலை அம்மாவுக்கு வைத்தேன். "கல்லறைல மீனா? ஊரே சிரிக்கும். பருந்து வந்து மண்டையில கொத்தும்" என்று திட்டினார். "இவ இந்தப் பொரியலுக்கு ஏங்கினவ, ஒண்ணும் சொல்ல மாட்டா" என்றேன். அவளுக்குக் காட்டிவிட்டு, அவருடைய சோற்று உருண்டையோடு பங்கு போட்டுத் தின்றோம். பருந்து வந்தது உண்மைதான். வட்டம் போட்டுவிட்டுப் போய்விட்டது.

சாப்பிடும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின வசந்தத்தில், "ஒண்ணு ஏற்பாடு பண்ணியிருக்கேன், கேளுங்க" என்று இரண்டு மூன்று தடவை தொடங்கினாள். சாவுப் பேச்சு என்று தெரிந்ததும் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். பிறகு ஒரு நாள் மேஜையில் ஒரு படம் இருந்தது. ஒரு மலை. மலைக்குள்ளே இரண்டு மீன் பக்கத்தில் பக்கத்தில். ஒன்று பென்சிலில், மற்றது சிவப்பில். நான் குளிர்பெட்டியைத் திறந்து தேடினேன். மீனே இல்லை. அன்று மாலை அவளிடம், "செவப்பு மீன் எங்க?" என்று கேட்டேன். வெகுநேரம் சிரித்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அது இருக்கு, பத்திரமா இருக்கு" என்றாள். அவள் எழுதிய ஒன்றையாவது நான் சரியாக வாசித்திருக்கலாம்.

ஏப்ரல் 9

நினோமியா அப்போதே உனக்குப் போன் போடக் கைபேசியை எடுத்தார். வேண்டாம் என்றேன். போனில் நான் பழையபடி ஒன்றும் சொல்ல மாட்டேன், அல்லது கத்துவேன். "நானே எழுதறேன்" என்றேன். "எத்தன நாளாகும்?" என்றார். நாலு நாள் என்றேன். "ஒரு கடுதாசிக்கா? நான் அதுக்குள்ள ஒரு கல்லே வெட்டிடுவேனே" என்றார். ஆனால் நீ மறுபடி கூப்பிட்டால் ஒழிய அவராக எதையும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தார். உன் விலாசத்தை ஒரு தாளில் எழுதித் தந்தார். அங்கேயே வாய்விட்டு வாசித்துக் காட்டினேன். உன் பெயருக்கு முன்னால் இன்னும் உராதா என்று இருக்கிறது. பலகையிலும் கல்லிலும் இருந்த அதே முதல் இரண்டு எழுத்து.

நாலு மணிக்குக் கப்பல் கிளம்பியது. கரையில் மேளம் அடித்தார்கள், அந்த ஊர்த் திருவிழாவின் மாட்டுத்தலைப் பூதம் கழுத்தை ஆட்டியது. எல்லோருக்கும் காகித நாடா கொடுத்தார்கள். மேலே இருப்பவர் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு சுருளை வீசினால், கரையில் இருப்பவர் பிடித்துக்கொள்வார். எனக்கு அங்கே யாரும் இல்லை. இருந்தாலும் வீசினேன். என் நாடா யாரும் நிற்காத சிமெண்டுத் தரையில் போய் விழுந்தது. கடைசிக் கயிற்றை விடுவித்துவிட்டு வந்த மஞ்சள் தொப்பிக்காரர் ஒருவர் அதைக் குனிந்து எடுத்தார், மேலே தேடினார். நான் கையை ஆட்டினேன், விரலெல்லாம் சிவப்பு. நாடா இறுகுகிற வரை அவர் பிடித்திருந்தார், இறுகியதும் கரையோரம் வரை அதோடு நடந்து வந்தார். பிறகு அறுந்தது. நல்ல கயிற்றுக்காரர், கடைசி வரை விடவில்லை.

அறைக்குப் போனேன். இரண்டு கட்டிலும் விரித்திருந்தது. இந்தத் தடவை பையை வைக்கவில்லை.

இனி நான் கேட்க வேண்டியது. அந்த இடத்தை உன் அம்மா கொடுத்தாள், நீ காப்பாற்றினாய், நான் யாரென்று தெரியாமலேயே. அதாவது, சீட்டைப் படித்தும் வராதவன் என்று நினைத்துக்கொண்டே. இப்போது நடந்தது உனக்குத் தெரியும். தெரிந்த பிறகும் என்னை அங்கே வைக்க மனசு வருமா என்று யோசித்துச் சொல். வராது என்றால் நினோமியாவிடம் சொல்லிவிடு, அவர் அந்த நாலு எழுத்தையும் நிரவிவிடுவார். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். மூன்று தடவை நீ சிவப்பு அடிக்கச் சொன்னாயே, அதுவே எனக்குப் போதும். பதில் எழுதினால் எளிய எழுத்தில், கொஞ்சம் பெரிதாக எழுது. ஒரு வரி போதும். நான் எத்தனை நாள் ஆனாலும் வாசித்துவிடுவேன்.

உன் உடம்பு எப்படி இருக்கிறது, வேலை எப்படி, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. எல்லாம் நன்றாக இருக்கட்டும். உன் தகவல் நோட்டில் நான் எழுதியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்: சயோகோ நல்ல பிள்ளை, அவளைக் கவனித்துக்கொண்டதற்கு எல்லோருக்கும் நன்றி.

அடுத்த புதன்கிழமையும் எழுதுவேன். அதற்கடுத்த புதனும். நீ பதில் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி, வாரம் ஒரு கடிதம் இந்தக் கோணல் கையெழுத்தில் உன் பெட்டியில் விழும். அது விழுந்துகொண்டிருக்கும் வரைக்கும் சிவப்பு இருக்கட்டும். விழாத வாரம் நினோமியாவைக் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
உராதா கின்ஸோ
(தானே எழுதியது)